அறுபத்து நாலு துண்டு

டிசம்பர் 22. பிழை: கத்தி சாணைக்குப் போயிருந்தது. வால்நட்டையும் முந்திரியையும் நறுக்குவதற்குப் பதிலாக, துணியில் முடிந்து கண்ணாடி டம்ளரின் அடியால் தட்டி உடைத்தேன். ஒரே அளவாக வரவில்லை. சின்னப் பிழைதான். அடுத்த முறை கத்தி வரும்வரை பொறுக்க வேண்டும்.

இதை எழுதியவளுக்கு வீட்டில் நோட்டு என்று பெயர். அக்கா வீட்டில் தங்கி, பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை, சாயங்காலம் பரிசோதனைக்கூட உதவியாளர் வகுப்பு. அந்த வகுப்பில் ஒரு விதி உண்டு. அன்றன்று செய்ததை எழுத வேண்டும், எழுதும்போது அன்றைய பிழையை முதல் வரியில் போட வேண்டும். மற்ற பிள்ளைகள் விதியை வகுப்போடு விட்டுவிட்டு வந்தார்கள். இவள் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டாள். பால் பொங்கியது, சில்லறை மாறியது, குடையை மறந்தது எல்லாம் நோட்டில் ஏறின. அக்கா புருஷன், இவளுக்கு மாமா, பஸ் டிரைவர், வாய்க்கொழுப்புக்காரர். அவர் வைத்த பெயர்தான் நோட்டு.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு எல்லாருக்கும் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று ஃபட்ஜ் என்கிற சாக்லேட் பர்ஃபி செய்யச் சொன்னது அக்கா. அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், முந்நூற்றைம்பது கிராம் சாக்லேட், ஒரு கரண்டி வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்து, சாக்லேட் உருகிப் பளபளத்ததும் உடைத்த பருப்பைக் கொட்டி, வெண்ணெய்த்தாள் விரித்த தட்டில் பரப்பி, நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் தீர்ந்தது. கத்தி இல்லாததால் எவர்சில்வர் ஸ்கேலால் கோடு கிழித்து வெட்டினாள். எட்டுக்கு எட்டு, அறுபத்து நாலு துண்டு. ஒன்றுகூடக் கோணலில்லை. மாமாவின் டிப்போவுக்கு இருபத்து நாலு, அக்கா வேலை பார்க்கும் தபால் ஆபீசுக்குப் பதினெட்டு, மாடி வீட்டுத் தையல்காரருக்குப் பன்னிரண்டு, வீட்டுக்குப் பத்து. இதுவும் நோட்டில் இருந்தது.

தையல்காரர் அன்று சாயங்காலமே இறங்கி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போகிறவர். சம்பந்தி வீட்டார் இருபத்து நாலாம் தேதி மதியம் வருகிறார்களாம், சாப்பாடு முடிந்ததும் தன் கையாலேயே பிரித்துக் கொடுக்கப்போகிறாராம். அதுவரை பெட்டியைத் தொட்டால் தொட்ட கை இருக்காது என்று சிரித்தார். பிறகு பேத்தியைப் பற்றிச் சொன்னார். மூணு வயசு.

"வாண்டு மெல்லவே மெல்லாதும்மா. இனிப்புன்னா அப்படியே லபக்குனு முழுங்கிட்டு அடுத்ததுக்குக் கையை நீட்டும்."

அப்போது எல்லாரும் சிரித்தார்கள். நோட்டும் சிரித்தாள்.

மறுநாள் கடை விடுமுறை. மாமாவும் அக்காவும் ஆளுக்கொரு பெட்டியோடு வேலைக்குப் போய்விட்டார்கள். பத்தரை மணிக்கு அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த டம்ளரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் துடைத்தபோது துணியில் ஒரு நூல் மாட்டி இழுபட்டது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். அடி விளிம்பில், சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு, ஒரு சில்லு இல்லை.

முதலில் மற்ற ஐந்து டம்ளர்களையும் எடுத்து விளிம்பு விளிம்பாகத் தடவினாள். எல்லாம் முழுசு. பருப்பு முடிந்த துணி நேற்றே உதறித் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. குப்பை வண்டி ஏழு மணிக்கே வந்து போய்விட்டது. டார்ச் அடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் மண்டி போட்டாள். அலமாரி அடியில் ஒரு முந்திரிப் பருப்பும் காணாமல் போன பட்டனும் கிடைத்தன. கண்ணாடி இல்லை.

சில்லு பழசாகவும் இருக்கலாமே என்று ஒரு மனசு சொன்னது. தட்டும்போது தெறித்திருந்தால் சத்தம் கேட்டிருக்காதா என்று கேட்டது. ஆனால் வால்நட் உடைகிற சத்தமும் கண்ணாடி உடைகிற சத்தமும் துணிக்குள் ஒன்றாகத்தான் இருக்கும். வாய்க்குள்ளும் அப்படித்தான். பருப்பு என்று நினைத்துக் கடிப்பார்கள்.

மாமாவுக்குப் போன் போட்டு, இனி யாரும் அதைச் சாப்பிட வேண்டாம், மிச்சத்தை அப்படியே கொண்டு வாருங்கள் என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

"என்ன நோட்டு, கேஸ் திறந்திருக்கா?"

போன வருஷக் கதை அது. குடும்பமே ஊருக்குக் கிளம்பிப் பாதி வழி போன பிறகு, கேஸை அணைத்தோமா என்று இவளுக்குச் சந்தேகம் வந்து, எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கித் திரும்ப வைத்தாள். கேஸ் அணைந்தேதான் இருந்தது. அந்தக் கதையை மாமா வீட்டுக்கு வருகிற ஆளுக்கெல்லாம் நடித்தே காட்டுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முடிப்பார். இப்போதும் சிரித்துக்கொண்டேதான், காலையில் ஒரு கண்டக்டர் தன் துண்டில் ஏதோ கடிபட்டது என்று சொன்னதைச் சொன்னார். அந்த கண்டக்டரையே போனுக்குக் கூப்பிடச் சொன்னாள். கடித்ததும் பல்லுக்கடியில் நொறுங்கியது, துப்பினேன், வால்நட் ஓடுதான், பழுப்பு நிறம் என்றார் அவர். கண்ணாடி அப்படி நொறுங்காது. அது இல்லை.

அக்காவிடமும் சொல்லிவிட்டுத் தையல்காரரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. காதிலும் அடித்தது, தலைக்கு மேலும் அடித்தது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மேலே பார்த்தாள். மாடி வீட்டில், இரும்புக் கதவுக்கும் இரண்டு பூட்டுக்கும் உள்ளே, மேசை மேலோ தையல் மிஷின் மேலோ, அது அதிர்ந்து அதிர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மனிதர் போனை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். நிறுத்தினாள். மேலேயும் நின்றது. இன்னொரு முறை அழுத்திப் பார்க்க ஏனோ பயமாக இருந்தது.

மகளின் எண் யாரிடமும் இல்லை. விலாசம் மட்டும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பேத்தியின் கவுனைப் பார்சல் அனுப்பியபோது, தையல்காரர் தன் கையெழுத்து தனக்கே புரியாது என்று இவளை விலாசம் எழுதச் சொன்னார். எழுதியதை ஒரு பிரதி நோட்டிலும் எழுதி வைத்திருந்தாள். அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ். விடியற்காலை ஐந்து நாற்பது, மதியம் ஒரு மணி. ஐந்து மணி நேரப் பயணம்.

அப்போது மணி பதினொன்றேகால். பணப்பையை எடுத்தாள், விலாசத்தைக் கிழித்து உள்ளே வைத்தாள், செருப்பு மாட்டினாள். வாசற்படியில் நின்றபோதுதான் அந்த ஊர்க் கதவைத் தட்டி என்ன சொல்வது என்று யோசித்தாள். உங்கள் அப்பா கொண்டு வந்த பெட்டியில் கண்ணாடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்கே தெரியாது என்றா? ஐந்து மணி நேரம் போய் அதைச் சொல்லிவிட்டு, ஐந்து மணி நேரம் திரும்பி வந்தால் மாமாவுக்கு இன்னொரு கதை. முதலில் இருப்பதைச் சோதித்துப் பார்ப்போம், உறுதியாகத் தெரிந்தால் போவோம் என்று செருப்பைக் கழற்றினாள்.

சல்லடை போட்டுத் தேடுவது என்பார்களே, அதை அவள் நிஜமாகவே செய்தாள். வீட்டில் பத்தில் எட்டு மிச்சம். இரண்டை நேற்றே அவளும் அக்காவும் ருசி பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டாகக் கொதிநீரில் போட்டுக் கரைத்து, டீ வடிகட்டியில் ஊற்றினாள். தங்கிய பருப்பை வெள்ளைத் தட்டில் பரப்பி, கரண்டி முதுகால் மணி மணியாக அழுத்தினாள். அழுத்தி முடித்தபோது இரண்டு மணி. எட்டிலும் ஒன்றும் இல்லை. கொஞ்சம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்குள்ளேயே ஒரு மணி பஸ் போய்விட்டிருந்தது.

மாமா மூன்றரைக்கு வந்தார். இருபத்து நாலில் ஒன்பது மிச்சம். டிப்போவில் அத்தனை பேரும் சிரித்தார்கள் என்றார். ஒன்பதையும் கரைத்தாள், ஒன்றும் இல்லை. மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாக்லேட் தண்ணீரை வீணாகக் கொட்டுகிறாயே, எனக்கு ஒரு டம்ளர் கொடு என்று கேட்டார், கண்ணாடி டம்ளர் வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டார். நாலரைக்கு அக்கா பதினொன்றைக் கொண்டு வந்தாள். ஆபீசில் ஏழு பேர் ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டார்களாம், யாருக்கும் ஒரு குறையும் இல்லையாம்.

பதினொன்றில் ஆறாவது துண்டு. வடிகட்டியில் தங்கியதைத் தட்டில் கொட்டினாள். டிங் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பருப்பு அப்படிச் சத்தம் போடாது. மாமா பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார்.

வெந்நீரில் அலசியதும் பழுப்பெல்லாம் போய், வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியில் உட்கார்ந்தது. ஒரு பக்கம் மழுமழுவென்று, மறுபக்கம் ஊசி.

அக்கா பெருமூச்சு விட்டாள். "கிடைச்சுடுச்சு. போதும், விடுடீ."

அவள் விடவில்லை. மிச்சம் ஐந்தையும் கரைத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பிறகு புருவம் திருத்தும் சாமணத்தால் சில்லை எடுத்து, கவிழ்த்த டம்ளரின் விளிம்பில், காலியான இடத்தில் வைத்தாள். இடது ஓரம் வரிக்கு வரி பொருந்தியது. அதில் சந்தேகமே இல்லை, இந்த டம்ளரின் சில்லுதான். வலது ஓரம் எதிலும் போய் முட்டவில்லை. அங்கே இன்னும் அதே அளவு இடம் காலியாக இருந்தது.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள்.

அது தண்ணீரோடு போயிருக்கும், துணியை உதறும்போது விழுந்திருக்கும் என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே அவள் கை தன் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தது, அவளுக்கே தெரியாமல். மாமா டம்ளரை வாங்கி, காலி இடத்தில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். கேஸ் கதை வரும் என்று நோட்டு காத்திருந்தாள். வரவில்லை.

"தின்னது எத்தனை?"

"இருபத்து நாலு. எல்லாரும் பெரியவங்க, மென்னு தின்னவங்க. பல்லுல பட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் மாமா. கரைச்சது இருபத்து எட்டு."

"மிச்சம் பன்னிரண்டு," என்றார் மாமா.

யாரும் மேலே பார்க்கவில்லை. ஆனாலும் மூன்று பேருக்கும் மாடி வீடே தலையில் இறங்கினாற்போல இருந்தது. லபக்குனு முழுங்கிட்டு அடுத்ததுக்குக் கையை நீட்டும் என்று அவர் சிரித்த சிரிப்பு அந்த அறையிலேயே எங்கோ தங்கியிருந்தது.

மாமா அந்த ஊர் டிப்போவுக்குப் போன் போட்டார். விடுமுறைக் கூட்டம், எடுக்க ஆளில்லை. தனக்குத் தெரிந்த டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார். அந்தத் தடத்தில் போகிறவன் ஏற்கெனவே போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்திவிட்டுப் போனை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தான். வாடகைக் கார் கேட்டார். மலைப்பாதையில் இருட்டிய பிறகு எவனும் வரமாட்டேன் என்றான். கடைசியில் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பத்தரைக்கே பார்த்துட்டே. ஒரு மணி வண்டி இருந்துச்சே?"

"கிளம்பினேன் மாமா. செருப்புகூட மாட்டிட்டேன்."

"அப்புறம்?"

"சந்தேகமா இருந்தது."

மாமா ஏதாவது கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலாம் போலிருந்தது. அவர் எழுந்து போய், போனில் டிப்போ ஆள் யாரிடமோ நாளைய டூட்டியை மாற்றிக் கேட்டார். பிறகு ஐந்து நாற்பது வண்டியில் முன்சீட்டு இரண்டு பிடித்து வைக்கச் சொன்னார். பத்து நாற்பதுக்குப் போய்ச் சேரும், வழியில் ஒன்றும் ஆகாமல் இருந்தால். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. பிள்ளை பெட்டியைப் பார்த்துவிட்டு இப்போதே கேட்டு அழுதால் தாத்தா மனசு எத்தனை நேரம் தாங்கும் என்றும் தெரியவில்லை. கை வைத்தால் கை இருக்காது என்று சொன்னது பெரியவர்களுக்குத்தான்.

அக்கா சோறு போட்டாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வாயில் எது கடிபட்டாலும் மூன்று பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

டம்ளரையும் சில்லையும் பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்தாள். காட்டினால்தான் நம்புவார்கள். பிறகு நோட்டைத் திறந்தாள். 'சின்ன' என்று எழுதியதும் பேனாவை நிறுத்தி, அதை அடித்துவிட்டு, மறுபடி தொடங்கினாள்.

டிசம்பர் 23. பிழை: பதினொன்றேகாலுக்குச் செருப்பைக் கழற்றினேன்.

நாளை: நாலே காலுக்கு எழ வேண்டும். டப்பா, விலாசம், டார்ச். ஐந்து நாற்பது பஸ். தையல்காரர் மகள் வீட்டில் பெட்டியைக் கேட்டு வாங்கி, அங்கேயே திறந்து, பன்னிரண்டு இருக்கிறதா என்று எண்ண வேண்டும்.