சவரியம்மாள் வீட்டில் கை நனைத்தது

குடிகாடு சவரியம்மாள் வீட்டுக் கழிவறையில் மாட்டிய பெட்டி, அந்தக் கழிவறையின் நாற்றத்தை மட்டும் விட்டுவிட்டு, ஊரிலிருந்த மற்ற நாற்றம் அத்தனையையும் விழுங்கியது. ஆனி மாதம் மாட்டினார்கள். ஆடி பிறப்பதற்குள் ஊர்க் காற்று துவைத்துக் காயப்போட்ட வேட்டிபோல ஆகிவிட்டது. பெட்டி ஒன்றும் பெரிய சாமான் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சாப்பாட்டுப் பையில் அடங்கிவிடும் வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, விசிறிக்குப் பின்னால் ஒரு தட்டு நிறையத் தேங்காய் ஓட்டுக் கரி. ஒரு பக்கம் காற்றை இழுத்து, கரிக்குள் விட்டு, மறுபக்கம் தள்ளும். செய்தவள் சவரியம்மாளின் மகள் ஜான்சி. அண்ணாமலை நகரில் வேதியியல் படித்து, அங்கேயே ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்துபோகிறவள்.

பெட்டி தேவைப்பட்டதற்குக் காரணம் ஜான்சியின் கல்யாணம். குடிகாடு, ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஊர் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும், திசை மாறினால் திறந்துகொள்ளும். ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போனது. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பழகவில்லை. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்தவர்கள் காரைவிட்டு இறங்கும்போதே மூக்கில் கைக்குட்டையை வைத்தார்கள். பெண்ணைப் பிடித்திருந்தால் அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவுவது இந்தப் பக்கத்து வழக்கம். கை நனைத்தாகிவிட்டது என்றால் சம்பந்தம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வந்தவர்கள் யாரும் கை நனைக்கவில்லை, காபியோடு எழுந்துகொண்டார்கள். சமைத்து வைத்த கறிக்குழம்பைத் தெருவுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, சவரியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மருத்துவமனையில் செவிலியராக இருந்து எத்தனையோ உயிர் போவதைப் பார்த்தவர்தான். ஆனாலும் வந்தவர்கள் தொடாத அந்தக் குழம்புச் சட்டியைப் பார்க்க அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அடுத்த முறையாவது சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று அவருடைய தம்பி தேவசகாயம் சொல்லிப் பார்த்தார். சவரியம்மாள் கேட்கவில்லை. தன் சம்பளத்தில் கட்டிய வீடு, வழவழவென்று டைல்ஸ் ஒட்டிய கழிவறை. மகளை ஒளித்து வைத்துக் காட்ட அவருக்கு மனம் இல்லை. ஆனால் உப்பனாற்றங்கரை மண்ணில் செப்டிக் டேங்க் மழைக்கு ஒருதரம் பொங்கி, அந்த டைல்ஸ் அறையையும் நாறடித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குத் தலைக்குனிவு. "ஊரு நாத்தத்துக்கு நான் பொறுப்பில்ல. ஊட்டு நாத்தத்துக்கு நான்தான் பொறுப்பு" என்று மகளிடம் சொன்னார். ஜான்சி ஆய்வகத்தில் மிச்ச நேரத்தில் உட்கார்ந்து பெட்டியைச் செய்து, பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள்.

மாட்டியவர் தேவசகாயம். ஊர் முழுக்க மோட்டாரும் விசிறியும் மாட்டியவர் அவர்தான். பெட்டியின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தது, அதை எந்தப் பக்கம் வைப்பது என்று போனில் கேட்டார். "நாத்தம் வர்ற பக்கம் பாத்து வைங்க மாமா" என்றாள் ஜான்சி. வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அம்பைக் கழிவறைக்குள் பார்க்க வைத்திருப்பார். குடிகாட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு நாற்றம் வரும் பக்கம் என்றால் ஒரே பக்கம்தான். சுவரில் ஓட்டை போட்டு, அம்பைத் தொழிற்பேட்டையைப் பார்க்கத் திருப்பி, நான்கு ஆணி அடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

முதலில் தெரியவந்தது எதிர்வீட்டு சுப்புராயனுக்கு. இளைப்புக்காரர். இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைக்க மறந்து கடைக்குப் போய்விட்டு, மூச்சு வாங்காமல் திரும்பி வந்தார். பிறகு தெருவில் ஒவ்வொருவராக, யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசலில் நின்றே சொல்ல ஆரம்பித்தார்கள். பெட்டி அதோடு நிற்கவில்லை. கடலூர் முதுநகர்ப் பக்கம் வரைக்கும் எட்டி இழுத்து, அங்கே கருவாட்டு வாசனையும் காணாமல் போனது. கருவாடு விற்கிறவர்கள் ஆட்டோ வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தான், வாசனை இல்லாத கருவாட்டை யார் வாங்குவார்? தேவசகாயம் ஒரு நெத்திலிக் கருவாட்டை நூலில் கட்டிப் பெட்டியின் வாயில் தொங்கவிட்டு, இதை மட்டும் விட்டுவிடு என்று சொன்னார். மறுநாளிலிருந்து கருவாடு பழையபடி மணத்தது.

கஷ்டம் சவரியம்மாள் வீட்டுக்குத்தான். பெட்டி உள்ளே தள்ளிய காற்று, கழிவறை நாற்றத்தைக் கூடத்துக்குத் துரத்தியது. அந்த நேரம் பார்த்து அண்ணாமலை நகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் கதிரவன், வங்கியில் வேலை. அப்பா சாமிக்கண்ணு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று சேதி. ஆய்வக வேலையில் அதுவரை ஊருக்கு வரமுடியாமல் இருந்து, சனிக்கிழமை வந்த ஜான்சி பெட்டியைப் பார்த்ததும் விஷயத்தைக் கண்டுகொண்டு, ஆணியைப் பிடுங்கி அம்பை உள்ளே திருப்பினாள். கழிவறை அந்த நிமிடமே மலர்ந்தது. தெருவில் பழைய வாடை வந்து இறங்கியது. அவரவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். சுப்புராயன் மட்டும் உள்ளே போய் எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. அது என்ன என்று சவரியம்மாளுக்குத் தெரியும்.

ஜான்சியிடம் இன்னொரு பெட்டியும் இருந்தது. அதே கரி, அதே விசிறி. அதை மாட்டிப் பார்த்தார்கள், வெறும் விசிறியாகச் சுற்றியது, அவ்வளவுதான். சவரியம்மாள் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். நாளைக்கு வருகிறவர்கள், குழம்புச் சட்டி, மகளின் முகம் எல்லாம் அவருக்கு முன்னால் வந்துபோயின. "திருப்பி வையிம்மா, எதிரூட்டுக்காரரு மூச்சு வுடட்டும்" என்றார். ஜான்சி அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கதிரவனின் அம்மா மங்கலம், ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டு, கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தெருவில் தைலத்தைத் தவிர வேறு வாடையே இல்லாததால் எதற்கு எடுத்தோம் என்று விழித்தார். சாமிக்கண்ணு சர்க்கரை வியாதிக்காரர். வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்தவர், உட்காருவதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். சவரியம்மாள் பூசி மெழுகவில்லை. "நாத்தமா இருக்கும், பொறுத்துக்கங்க. எங்க பொட்டி ஊருக்கு வேல செய்யிது, ஊட்டுக்குச் செய்யல" என்றார்.

உள்ளே போனவர் நெடுநேரம் வரவில்லை. விசிறி ஓடுகிற சத்தமும் பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டன. ஈரக் கையோடு வெளியே வந்து, நேரே வாசலுக்குப் போய், ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சவரியம்மாள் துண்டை நீட்டினார். அப்போது தேவசகாயம், வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற குரலில், "சம்பந்தி கை நனைச்சிட்டாரு" என்றார்.

"அது பாத்ரூம்ல கழுவுனதுங்க, அதெல்லாம் சேத்தியா?" என்றார் மங்கலம்.

"தண்ணி எங்கூட்டுத் தண்ணிதானுங்களே. துண்டும் எங்க துண்டு" என்றார் தேவசகாயம்.

எல்லாரும் சாமிக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "இந்தப் பொட்டி நீ செஞ்சதாம்மா?" என்று ஜான்சியிடம் கேட்டார்.

"செஞ்சது நான்தாங்க. தப்பா மாட்டுனது எங்க மாமா. அப்பிடியே இருக்கட்டும்னது எங்கம்மா."

கதிரவன் சிரித்துவிட்டான். மங்கலம் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டார். சாமிக்கண்ணு துண்டைச் சவரியம்மாள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நனஞ்சது நனஞ்சதுதான், எலையப் போடுங்க" என்று பாயில் உட்கார்ந்தார். அன்றைக்குக் குழம்புச் சட்டி வழித்தெடுத்த மாதிரி காலியானது. அதைக் கழுவிக் கவிழ்க்கும்போது சவரியம்மாள் அழுதார். துக்கத்தில் இல்லை.

தை மாதம் கல்யாணம் முடிந்து ஜான்சி அண்ணாமலை நகருக்குப் போய்விட்டாள். கரி மாற்ற மட்டும் மாதம் ஒருமுறை கதிரவனோடு வருகிறாள். பெட்டி அம்பைத் திருப்பாமல் ஓடுகிறது, கருவாட்டுத் துண்டும் அப்படியே தொங்குகிறது. குடிகாட்டில் இப்போது நாற்றம் என்று இருப்பது அந்த ஒரு அறையில்தான். வருகிறவர்களுக்குச் சவரியம்மாள் அதை முதலில் கதவைத் திறந்து காட்டிவிடுகிறார். "இப்ப ஊரு நாத்தத்துக்கும் நான்தான் பொறுப்பு" என்கிறார். ஊரில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், மாப்பிள்ளையின் அப்பாவை ஒரு நடை அங்கே அழைத்துவந்துவிடுகிறார்கள். அவரும் உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருகிறார். சவரியம்மாள் துவைத்த துண்டோடு வாசலில் நிற்கிறார்.