வீரையன் தலைக்கு மேல் நின்ற தண்ணீர்

கூலிப் போராட்டம் ஓய்ந்த மூன்றாவது வருஷம், பாஸ்கா எனும் ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையில், கருவேலங்குடி சூசையப்பர் கோயிலில் சவரிநாயகம் சாமியார் ஊற்றிய ஞானஸ்நானத் தண்ணீர் வீரையனின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது. பிதாவின் பெயரால் ஊற்றியது நின்றது. சுதனின் பெயரால் ஊற்றியது அதோடு சேர்ந்துகொண்டது. பரிசுத்த ஆவியின் பெயரால் ஊற்றியதும் அப்படியே. எல்லாம் சேர்ந்து ஒரு உழக்கு இருக்கும். அன்று ஞானஸ்நானம் வாங்கிய மற்ற ஒன்பது பேருக்கும் தண்ணீர் ஒழுங்காகத் தலையில் விழுந்து கழுத்தில் வழிந்தது. வீரையன் மட்டும் காய்ந்த தலையோடு எழுந்து நின்றார். தண்ணீரும் அவரோடு எழுந்தது. சாமியார் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டியிருந்தது.

வீரையன் அந்த ஊர் நீர்பாய்ச்சி. வாய்க்காலில் முறை வைத்து மடை திறப்பதும் அடைப்பதும் முப்பது வருஷமாக அவர் வேலை. கோயில் பக்கம் முதலில் போனது அவர் மனைவி அம்சம்தான். சனிக்கிழமை தோறும் பிற்பகலில் உபதேசியார் சந்தியாகு பெரியவர்களுக்கு நடத்திய ஞானோபதேச வகுப்பில், நடவுச் சேறு காயாத காலோடு போய் உட்காருவார். வீரையனையும் கூப்பிட்டார். கூலிக்காரர் சங்கத்துக் கொடி ஒன்று போதும், இன்னொன்று எதற்கு என்று அவர் சிரித்துவிட்டார். அம்சம் ஞானஸ்நானம் வாங்கி நாலே மாதத்தில், ஆடியில், விஷக்காய்ச்சலில் இறந்தார். கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஞானஸ்நானம் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை என்பது அன்றுதான் வீரையனுக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருஷம் ஒரே பாயில் படுத்த இரண்டு பேரில் ஒருத்தி அந்தப் பக்கம், ஒருவன் சுடுகாட்டுப் பக்கம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. மறுவாரமே போய்ச் சொன்னார்: "அம்சத்துக்குப் பக்கத்துல படுக்கணும், அவ்வளவுதாங்க சாமி." சேருவதற்கு அது போதுமான காரணம் இல்லை, ஆனால் ஆரம்பிக்கப் போதும் என்றார் சாமியார். கல்லறையில் இறந்த வரிசைப்படிதான் குழி எடுப்பார்கள். வீரையன் கோயில் பங்குப் பெரியவர்களிடம் மன்றாடி, அம்சத்துக்குப் பக்கத்து இடத்தை மூன்று வருஷம் காலியாக வைக்கச் சம்மதம் வாங்கினார்.

தண்ணீர் அவரை விட்டுப் போகவில்லை. குனிந்தால் குனிந்தது, படுத்தால் பக்கத்தில் வந்து நின்றது. கோடையில் மைனாக்கள் அதில் குடித்தன, அளவு குறையவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். வீரையன் விஷயத்தில் அது சரியாக ஒரு சாண் என்று டீக்கடையில் அளந்தே பார்த்துவிட்டார்கள். தண்ணீரும் வேலை நிறுத்தத்தில் இறங்கிவிட்டது என்றார் சங்கச் செயலாளர். மதம் மாறினால் அரிசனச் சலுகை போய்விடும் என்று மிரட்டிக்கொண்டிருந்த ஊர்க் கணக்குப்பிள்ளை, இவர் மாறினாரா இல்லையா என்று எழுதத் தெரியாமல் பதிவேட்டில் மதம் என்ற பத்தியைக் காலியாக விட்டார். அந்த வருஷ மறியலில் கைதானபோது, காவல் நிலைய எழுத்தர் துண்டு ஒன்று, வெற்றிலைப் பை ஒன்று, தலைக்கு மேல் தண்ணீர் உழக்கு ஒன்று என்று குறித்துக்கொண்டு, விடும்போது மூன்றுக்கும் ரேகை வாங்கினார். சாமியார் தம் ஆயரான மேற்றிராணியாருக்கு எழுதியதற்கு, மறைத்த பாவம் ஏதாவது உண்டா என விசாரிக்கும்படி பதில் வந்தது. வீரையன் யோசித்து யோசித்து, சின்ன வயசில் திருடிய இரண்டு இளநீரைச் சொன்னார். மறு பாஸ்காவில் சாமியார் மறுபடியும் ஊற்றினார். இப்போது இரண்டு உழக்கு ஆயிற்று.

அந்த வைகாசியில் இருமலில் ரத்தம் வந்தது. தை அறுப்பு வரை பார்க்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தபோது, மண்வெட்டியை ஊன்றி ஊன்றி அவர் வாய்க்கால் முடியும் கடைமடை வரை நடந்தார். அது அவர் அப்பன் காலத்து வழக்கம். புதுத் தண்ணீர் கடைசி வயலை நனைக்கும்வரை நீர்பாய்ச்சி அதில் கை நனைக்கக் கூடாது, ஒரு வாய் குடிக்கவும் கூடாது. முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் தவறியதில்லை. கடைசி வயலில் காளியம்மாள் சேறு அப்பி வரப்புக்கு அண்டை போட்டுக்கொண்டிருந்தார். போராட்டத்தில் களத்து மேட்டில் அடிபட்டுச் செத்த இராஜாங்கத்தின் மனைவி. அவரும் இரண்டு வருஷமாக அதே சனிக்கிழமை வகுப்பில்தான் இருந்தார். ஞானஸ்நானத்துக்கு மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய விசுவாச மந்திரத்தில் பாதிக்கு மேல் வராமல் நின்றுவிடுவார். மண்டையில் ஏறவில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று உபதேசியார் இரண்டு முறையும் தள்ளிவிட்டார். இரண்டு பாஸ்காவிலும் காளியம்மாள் கோயில் வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தண்ணீர் வரக் காத்திருந்த நேரத்தில், அப்படி எந்த இடத்தில்தான் மறக்கிறது என்று வீரையன் கேட்டார்.

"மறக்கல அண்ணே. போஞ்சு பிலாத்துன்னு வருதில்ல, ஏசுவ அறையக் குடுத்துட்டுக் கையக் கழுவுன அதிகாரி, அங்க வாய் வர மாட்டேங்குது. அடிச்சவனுவளக்கூட மன்னிச்சிடுவேன். எம் புருசன அடிக்கையில ஒரு அதிகாரி பாத்துக்கிட்டேதான் நின்னாரு. அப்பறம் கையக் கழுவிக்கிட்டாரு. அந்த மாதிரி ஆளு பேர நான் எப்புடி சாமிகிட்டச் சொல்லுவேன்?"

புதுத் தண்ணீர் நுரையோடு வந்து கடைசி வயலில் இறங்கியது. வீரையன் கையை நனைத்து முகம் கழுவிக்கொண்டார். கழுவும்போதுதான் அவருக்குப் புரிந்தது. நெஞ்சு இரைக்க இரைக்கக் கோயிலுக்கு நடந்தார். சாமியார் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி மேல தப்பில்லீங்க சாமி," என்றார் வீரையன். "நாந்தான் அவசரப்பட்டுட்டேன். கடைமடை இன்னும் நனையல."

காளியம்மாள் சொன்னதை அப்படியே சொன்னார். சாமியார் தவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அழுதார் என்று சாமியார் வீட்டுச் சமையல்காரர் சொல்வார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான், ஆனாலும் இதை நம்பலாம்.

அடுத்த பாஸ்காவுக்குக் காத்திருக்கவில்லை. அந்த ஞாயிறே காளியம்மாளை வாசற்படியிலிருந்து கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். மந்திரம் சொல்லச் சொன்னபோது குரல் தெளிவாக வந்தது, வழக்கமான இடத்தில் நின்றது. உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். சாமியார் பக்கத்தில் வந்து, "அந்த ஒரு பேர நான் சொல்லிக்கிறேம்மா. மத்ததெல்லாம் நீ சொல்லு," என்றார். அவரே சொன்னார். காளியம்மாள் அங்கிருந்து எடுத்து, பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம் செய்யப்பட்டார் என்று கடைசி வரை தடங்கலில்லாமல் முடித்தார். அவர் தலையில் ஊற்றிய தண்ணீர் நெற்றியில் இறங்கிக் காதோரம் சொட்டியது. அந்தச் சொட்டு தரையைத் தொட்டதும், பக்கத்தில் நின்ற வீரையன் தலையில் இரண்டு உழக்குத் தண்ணீரும் மொத்தமாக விழுந்தது. சட்டையெல்லாம் நனைந்து அவர் இருமிக்கொண்டே சிரித்தார். எந்த வருஷத்துத் தண்ணீரை ஞானஸ்நானமாகக் கணக்கில் எடுப்பது என்று சந்தேகம் வந்தது. விழுந்த தேதியையே சாமியார் பதிவேட்டில் எழுதினார்.

வீரையன் டாக்டர் சொன்ன தை வரை இருக்கவில்லை. ஐப்பசி மழையில், அம்சத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். அம்சத்துக்குப் பக்கத்து இடம் அவருக்காகக் காத்திருந்தது. குழி வெட்டினார்கள், இறக்கினார்கள். சங்கத்தார் கொடியைச் சாய்த்துப் பிடித்தபடி மதிலுக்கு உள்ளேயே வந்து நின்றார்கள். விசுவாச மந்திரம் தொடங்கியது. அந்த இடம் வந்ததும் காளியம்மாள் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டார். யாரும் சொல்லிவைக்கவில்லை, கூட நின்ற நூறு பேரும் மூடிக்கொண்டார்கள். மழைச் சத்தத்துக்கு நடுவே சாமியார் மட்டும் தனியாக அந்தப் பெயரைச் சொன்னார், பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கருவேலங்குடியில் இன்றைக்கும் அப்படித்தான். மாற்றலாகி வரும் சாமியார்களுக்கு முதல் ஞாயிறு கொஞ்சம் திகைப்பாக இருக்கும், இரண்டாவது ஞாயிறு பழகிவிடும்.