ஆளுக்குப் பாதி

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த தேவசகாயம், காரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைக் காலையில் எங்கள் கார் உற்சவத்துக்குக் கிளம்பத் தயாரானதுபோல நின்றிருந்தது. கண்ணாடிக்கு மேல் மல்லிகைச் சரம், நாலு சக்கரத்துக்கும் குங்குமம், இடது முன்சக்கரத்துக்கு மேலே மட்டும் சப்பாத்தி அளவுக்குச் சந்தனம். எல்லாம் என் நாத்தனார் கலைவாணியின் கைங்கரியம்.

காரில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது. பட்டுப்புடவை முந்தானைக்குக் குச்சு கட்டும் வேலையை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துச் செய்கிறோம். பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளில் புடவைகளை வாங்கி, தாமலிலும் முசரவாக்கத்திலும் குச்சு கட்டுகிற பெண்களிடம் கொடுத்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுவர வேண்டும். பட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அலைந்து அலுத்துப்போய்த்தான் இந்தப் பழைய காரை வாங்கினோம். யார் பேரில் பதிவது என்ற பேச்சே வரவில்லை, அவள் பேரில்தான். என் கழுத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் அவள்; எங்கள் வீட்டில் பிறந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் முதல் மரியாதை. ஒருநாள் அவள் ஓட்டுவாள், மறுநாள் நான். அதுவரைக்கும் "வாங்க அண்ணி, சாப்பிடுங்க அண்ணி" என்று விருந்தாளிப் பேச்சாக இருந்தவள், காரில் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தோழியானாள். வீட்டுக்காரர்களைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் அந்த நாலு கதவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் ஆடி மாதத்திலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தலைவலி என்பாள், இல்லையென்றால் "நீங்களே ஓட்டுங்க அண்ணி" என்பாள். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் அவள் புருஷன் சிவபாலன் என்னிடம், "இப்ப வித்தா நம்ம வண்டி என்னா வெலைக்கிப் போவும்க்கா?" என்று கேட்டார். அதற்கு மேல், இந்த வருஷம் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றவள் கெடு தாண்டவிட்டாள். தாண்டினால் ஆள் வந்து காரைப் பார்த்த பிறகுதான் புதிதாகப் போடுவார்களாம். எனக்கு முடிவாகிவிட்டது, தன் பாதியைப் பிரித்துக் கேட்கப் போகிறாள். கார் போனால் இன்னொன்று வாங்கலாம். இவள் மறுபடியும் வெறும் நாத்தனாராகிவிடுவாளே என்பதுதான் என் கவலை.

தேவசகாயம் போனில் படம் பிடித்தபடி காரைச் சுற்றி வந்து, இடது முன்சக்கரத்திடம் நின்றார்.

"இத கொஞ்சம் துடைக்கணும்மா."

"சாமிக்கு வெச்சது சார்" என்றாள் கலைவாணி அவசரமாக.

"அதான், நான் துடைச்சா நல்லாருக்காது. நீங்களே துடைச்சிடுங்க."

நான்கூட அந்தச் சந்தனத்தைத் தொட்டதில்லை. ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, அதை விட்டுவிட்டுச் சுற்றித்தான் கழுவுவேன். வைத்த பொட்டை அழிக்க யாருக்குக் கை வரும்? கலைவாணி அசையாமல் நின்றதால் நானே ஈரத்துணியை எடுத்தேன். வாராவாரம் பூசிய சந்தனம் அடை அடையாக உதிர்ந்தது. உள்ளே பெயின்ட் போய், ஒரு டம்ளரே உட்காரலாம்போல ஒரு நசுங்கல்.

"சந்துல திரும்பறப்ப கரண்டு கம்பத்துல இட்சிட்டேன் அண்ணி" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அதுலேர்ந்து ஸ்டியரிங்கப் புட்ச்சாலே அந்தக் கம்பந்தான் கண்ணு முன்னால வருது. ஒங்க பாதிலயும் அடி பட்டுச்சேன்னு சொல்ல வாய் வரல."

"இடது பக்கம் யாரோட பாதின்னு நாம இன்னும் பிரிக்கவே இல்லியேம்மா. சரி, இன்சூரன்ஸ ஏன் வுட்ட?"

"யாராச்சும் வந்து பாத்துட்டா போட மாட்டாங்கன்னு பயந்துக்கினுதான்."

யாரும் பார்க்கக் கூடாது என்று இவள் விட்டதால்தான் பார்க்கவே ஆள் வந்து நிற்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிவபாலன் விலை கேட்டதைச் சொன்னேன்.

"அவரு எதப் பாத்தாலும் வெல கேப்பாரு அண்ணி. அன்னிக்கு அந்தக் கல்யாணப் பந்தலுக்கே வெல கேட்டாரு!"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். அவளும் அழுகையோடு சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

"பழைய அடின்னு எழுதிக்கிறேன்" என்றார் தேவசகாயம். "இதுக்கு மட்டும் க்ளெய்ம் கெடைக்காது, அவ்ளோதான். வண்டிய கொஞ்சம் வெளிச்சத்துக்கு எடுங்கம்மா." என்னைப் பார்த்துத்தான் சொன்னார், சாவி என் கையில் இருந்தது. நான் அதைக் கலைவாணியின் கையில் வைத்து அழுத்தினேன்.

"ஓனரம்மா நீதான். ரெண்டடிதானே, எடு."

ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி கிளம்பியது. ரெண்டடி வந்தது, வெளிச்சத்துக்கு வந்தது, நிற்காமல் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

"ம்மா, எங்க போறாங்க? இன்சூரன்ஸ் இன்னும் போடலியேம்மா!" என்று பதறினார் தேவசகாயம்.

"எனக்கும் தெரியல சார்" என்றேன்.

சுள்ளென்று வெயில் அடிக்கும் தெருவில் வைப்பர் ஆட, இடது பக்க விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்க, கார் வலது பக்கம் திரும்பிப் போனது.