கழுவத் தேவையில்லாத கார்

அந்த வெள்ளிக்கிழமை காலை இயாத் தன் காரைக் கழுவ இறங்கியபோது அதில் கழுவுவதற்கு ஒன்றுமே இல்லை. முந்தின நாள் மாலைதான் கழுவியிருந்தான். அதற்கு முந்தின நாளும் கழுவியிருந்தான். ராத்திரி அடித்த காற்றில், முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி கொஞ்சம் மண் படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மண்ணை வைத்து அரைமணி நேரம் ஓட்டிவிடலாம்.

அம்மான் நகரத்தின் தபர்பூர் சரிவில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு முன்னால் இரண்டு கார் நிற்கத்தான் இடம். ஒன்றில் இயாத்தின் பழைய வெள்ளைக் கார். லிஃப்ட் பழுதுபார்க்க ஊர் முழுக்க அவனைச் சுமந்து அலைகிற கார். பக்கத்தில் லமீஸின் சின்னச் சிவப்புக் கார். லமீஸ், மேல்வீட்டு அபூ தலாலின் மகள். பல் மருத்துவமனையில் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் இறங்கி வந்து, அடுப்பில் வைத்த தேநீர் கொதித்து அடங்குவதற்குள் காரைக் கழுவித் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்த வேகம்தான் இயாத்தை முதலில் கவிழ்த்தது. முகம், குரல் எல்லாம் அதற்குப் பிறகு.

அதுவரை அவன் பெருநாளுக்குப் பெருநாள்தான் காரைக் கழுவுவான், அதுவும் பெட்ரோல் பங்கில் ஆள் வைத்து. ஒருநாள் துணிந்து அவளிடம் கேட்டான், இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிகிறது என்று. அவள் விளக்கினாள். அந்த விளக்கத்தை இங்கே கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவன் காதலில் விழுந்தது அதன் நடுவில்தான்.

காரின் மேல் படிவது வெறும் தூசியல்ல, பொடி மணல். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்த கதை. ஆகவே முதலில் மேலிருந்து தண்ணீரை மழை மாதிரி இறக்கி மணலை ஓட விட வேண்டும். குழாய் போட்டு அடித்தால் அபராதம். வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் விடுகிற ஊரில் அது நியாயமும்கூட. அதனால் செடிக்கு ஊற்றுகிற பூவாளி போதும். பிறகு இரண்டு வாளிகள். ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துணி காரைத் தொட்டதும் மணலைப் பிடித்துக்கொள்ளும். அதை அப்படியே சோப்பு வாளியில் முக்கினால் அடுத்த தடவை மணலைத்தான் பூசுவோம். எனவே வெறும் தண்ணீரில் அலசி மணலை அங்கே உதிர்த்துவிட்டு, அப்புறம் சோப்பு. சக்கரம் முதலில், அதற்கென்று தனித் துணி. இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கி. பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கி. ஒரு பகுதிக்குச் சோப்புப் போட்டால் அதை அலசிவிட்டுத்தான் அடுத்தது. வெயிலில் சோப்பு காய்ந்தால் கறை. கடைசியில் பெரிய துணியை விரித்துப் போட்டு, தேய்க்காமல், மெல்ல இழுத்தால் தண்ணீர் அத்தனையும் துணியோடு வந்துவிடும்.

“இதெல்லாத்தையும்விட முக்கியம், அடிக்கடி கழுவறது,” என்றாள் லமீஸ். “அடிக்கடி கழுவினா சீக்கிரம் முடிஞ்சிரும். ஒட்டிக்க நேரம் குடுத்தாத்தான் அழுக்கு ஒட்டும். பல்லு மாதிரிதான்.”

அவ்வளவு பெரிய பாடத்தில் இயாத்தின் மண்டையில் ஏறியது ‘அடிக்கடி’ என்ற ஒரு சொல்தான். வெள்ளிக்கிழமை கழுவினான். பிறகு செவ்வாயும். பிறகு அவள் வேலை முடிந்து வண்டியை நிறுத்துகிற நேரம் எதுவோ அந்த நேரமெல்லாம் கழுவினான். தெருவில் அவன் காரை விற்கப் போகிறான் என்று பேச்சு வந்து, எதிர்வீட்டுக்காரர் விலைகூடக் கேட்டுவிட்டார். லமீஸ் தன் பங்குக்கு, இந்தக் காருக்குத் தோல் வியாதி வந்தால் தன் மருத்துவமனைக்குக் கூட்டிவர வேண்டாம், அங்கே பல் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றாள்.

இரண்டு கார்களுக்கு நடுவே பேச்சு வளர்ந்தது. வாளிகள் இடம் மாறின. அவள் துணி அவன் வாளியிலும், அவன் பூவாளி அவள் கையிலும். இருவருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவர் அபூ தலால் ஒருவர்தான். அவரிடம் முறைப்படி பெண் கேட்க வேண்டுமானால் ஸல்த் ஊரிலிருக்கும் சித்தப்பா பெரியவர்களோடு வர வேண்டும். சித்தப்பாவிடம் இயாத் இன்னும் வாயைத் திறக்கவில்லை. லமீஸ் கேட்டபோதெல்லாம் அவருக்கு மூட்டு வலி என்றான், குளிர் போகட்டும் என்றான், நோன்பு முடியட்டும் என்றான். எல்லாம் முடிந்துபோய், காரணங்களும் தீர்ந்திருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை லமீஸ் வந்தாள், ஆனால் துணியை நனைக்கவில்லை. சிவப்புக் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

“இன்னைக்கு இர்பித்லேருந்து வர்றாங்க.”

போன வாரம் இர்பித் ஊரிலிருந்து ஒரு வீட்டுப் பெண்கள் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்று மாலைத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் வருகிறார்கள், பெண் கேட்க. நல்ல குடும்பமாம். பையன் பொறியாளராம். குறை சொல்ல ஒன்றும் இல்லையாம்.

“முடியாதுன்னு சொல்ல அப்பாவுக்கு ஒரு காரணம் வேணும்,” என்றாள். “அப்பாகிட்ட காரணம் இல்ல. நீங்க குடுக்கல.”

இயாத் ஏதோ சொல்ல ஒரு அடி முன்னால் வந்தான். அந்த அடி வெறும் தண்ணீர் வாளியின் மேல் விழுந்தது. வாளி கவிழ்ந்து, தண்ணீர் சரிவில் சந்தோஷமாக ஓடி, தெருமுனை திரும்பிப் போயேவிட்டது. மறுநாள்தான் தண்ணீர் விடுகிற நாள். அவனுடைய தொட்டி வியாழக்கிழமையே காலியாகி உறுமிக்கொண்டிருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

மனம் ஓடாதபோது கை தன்பாட்டுக்கு ஓடும். இயாத் துணியை எடுத்து பானெட் முழுக்கச் சோப்பைப் பூசினான். பூசிய பிறகுதான் அலசத் தண்ணீர் இல்லை என்பது உறைத்தது. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நுரை ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அபூ தலால் படியிறங்கி வந்தார், ஒரு கையில் காபிக் கெண்டி, மறு கையில் பிடியில்லாத சின்னக் கோப்பை. ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை காலைகளில் வாசலில் யார் நின்றாலும் அவர்களுக்கு ஒரு வாய் ஊற்றுவது அவருக்குப் பழக்கம். வழக்கம்போல ஊற்றி நீட்டினார். இயாத் வழக்கம்போல வாங்கினான். வாங்கின கையெல்லாம் சோப்பு. கண்ணோ பானெட்டின் மேல். பானெட்டில் வெள்ளைத் திட்டு ஒன்று உள்ளங்கை அளவுக்குப் பரவியாகிவிட்டது.

கோப்பையைக் குடிக்காமல் பக்கச் சுவரில் வைத்துவிட்டு அவன் துணியை எடுத்தான்.

அபூ தலால் அப்படியே நின்றார்.

காபியை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தால் அதற்கு அங்கே ஒரே அர்த்தம்தான். உங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், அது ஆகாமல் உங்கள் காபி என் தொண்டையில் இறங்காது என்று அர்த்தம். வெட்டுக்குத்துக்குச் சமாதானம் பேசப் போனாலும், பெண் கேட்கப் போனாலும், பேச்சு இந்தக் கோப்பையில்தான் தொடங்கும். வைத்தாகிவிட்டால் வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டே ஆக வேண்டும். கேட்டுவிட்டு, ஆறிய கோப்பையோடு ஆளைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு அது இழுக்கு. இதெல்லாம் இயாத் நடக்கக் கற்ற நாளிலிருந்து பார்த்து வருகிற விஷயம். அன்று மட்டும் அவன் தலைக்குள் சோப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அபூ தலால் கெண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தோளில் கிடந்த தலைத்துண்டை எடுத்துத் தலையில் ஒழுங்காகக் கட்டினார். குரலும் மாறிவிட்டது.

“கேளு தம்பி. என்ன வேணும்?”

இயாத்துக்கு அது வானத்திலிருந்து வந்த உதவி மாதிரி இருந்தது. “ஒரு வாளித் தண்ணி மாமா,” என்றான்.

அபூ தலால் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் ஒரு வாளித் தண்ணீர் என்பது அப்படியொன்றும் சின்னக் காரியமில்லை. ஆனால் கோப்பையை வைத்துக் கேட்கிற அளவுக்கா என்றுதான் அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் முறை முறைதான்.

“குடுத்தாச்சு,” என்றார் கம்பீரமாக. “காபியக் குடி.”

சிவப்புக் காருக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. லமீஸ் குனிந்து உட்கார்ந்து, நனைக்காத துணியை வாயில் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத குலுங்கல். இயாத் அவளைப் பார்த்தான், அபூ தலாலின் தலைத்துண்டைப் பார்த்தான், பிறகு சுவரில் ஆவி விட்டுக்கொண்டிருந்த கோப்பையைப் பார்த்தான். அப்போதுதான் எல்லாம் ஒன்றாக வந்து அவன் மேல் விழுந்தது. பெண் கேட்க வேண்டிய கோப்பையில் தண்ணீர் கேட்டிருக்கிறான்.

கோப்பையை எடுத்தான். குடித்தால் கதை ஒரு வாளித் தண்ணீரோடு முடிந்துவிடும். மாலையில் இர்பித்காரர்கள் இதே கோப்பையை வாங்கி, இதே போலக் கீழே வைப்பார்கள். அவர்களுக்கு என்ன கேட்பது என்பதில் குழப்பமே இருக்காது. உதடு வரைக்கும் போன கோப்பையை அவன் இறக்கினான். இந்தத் தடவை இரண்டு கையாலும், சிந்தாமல், சுவரின் நட்ட நடுவில் வைத்தான்.

“அதான் குடுத்தாச்சேப்பா,” என்றார் அபூ தலால்.

“தண்ணி காருக்குக் கேட்டது மாமா,” என்றான் இயாத். “காபி எனக்குக் குடுத்தது.”

“அப்ப உனக்கு என்ன வேணும்?”

லிஃப்டின் எந்தப் பகுதியை எப்போது கழற்ற வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன், இப்போது எங்கே தொடங்குவதென்று தெரியாமல் சக்கரத்திலிருந்து தொடங்கினான். தினமும் கழுவுகிற அளவுக்கு எந்தக் காரும் அழுக்காவதில்லை என்றான். வெள்ளிக்கிழமை ஒருநாள் கழுவினாலே போதும் என்றான். பெயிண்டுக்கு அது நல்லதும்கூட இல்லை என்றான். இப்படியே கூரை வரைக்கும் ஏறி, மேலே போக இடமில்லாமல் நின்றான்.

“லமீஸ,” என்றான் கடைசியில்.

பானெட்டில் நுரை பொரிகிற சத்தம்கூடக் கேட்டது.

“பொண்ணு கேக்க வர்றவன் பெரியவங்களோட வருவான்,” என்றார் அபூ தலால். “நீ ரெண்டு வாளியோட வந்திருக்கே.”

“ஒண்ணு கவுந்துபோச்சு மாமா.”

அவர் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. ஆனால் முகத்தின் கம்பீரத்தை விடவில்லை. மகள் பக்கம் திரும்பினார். “இது உனக்குத் தெரியுமா?”

லமீஸ் எழுந்து நின்று கைகளைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் ஒரு மாசம் போனா அந்தக் கார்ல பெயிண்டே இருக்காதுப்பா.”

“காரப் பத்தியா கேட்டேன்?”

“எனக்குச் சம்மதம்,” என்றாள். அதைச் சொல்ல அவள் தலையைக் குனியவில்லை.

அபூ தலால் கோப்பையை எடுத்து, ஆறிப்போன காபியைச் செடித் தொட்டியில் கொட்டினார். பிறகு அவர் கெண்டியை எடுத்துச் சூடாகப் புதிதாக ஊற்றி நீட்டினார்.

“குடி. வந்த காரியம் முடிஞ்சுது.”

இயாத் குடித்தான். அவர் மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தான். மூன்றாவதும் வந்தது. போதும் என்றால் காலிக் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டேதான் இருப்பார். இயாத்துக்குக் கை இருப்பதே மறந்திருந்தது. நாக்கு சுட்டுப்போய், கண்ணில் நீர் வர, சிரித்துக்கொண்டே அவன் குடித்துக்கொண்டிருந்தான்.

“கோப்பைய ஆட்டுங்க,” என்றாள் லமீஸ். “அப்பா கெண்டியக் காலி பண்ணாம விடமாட்டார்.”

அதற்குப் பிறகு எல்லாமே ஓட்டம்தான். அபூ தலால் இர்பித்துக்குத் தொலைபேசியில் பேசினார். பெண்ணுக்கு வேறு இடத்தில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அலைய வேண்டாம், மன்னிக்க வேண்டும் என்றார். எப்போது கொடுத்தீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். “கொஞ்சம் முன்னாடிதான்,” என்று அவர் உண்மையையே சொன்னார். பிறகு இயாத்திடம், தான் வாக்குக் கொடுத்துவிட்டாலும் ஊருக்கு அது தெரிய வேண்டாமா, இன்று மாலைக்குள் சித்தப்பாவும் நாலு பெரியவர்களும் இந்த வாசலில் நிற்க வேண்டும், மறுபடி கோப்பையை வைக்க வேண்டும், அப்போது தயவுசெய்து சரியானதைக் கேட்க வேண்டும் என்றார்.

இயாத் சட்டையை மாற்றினான், பொத்தான்களைத் தப்பாகப் போட்டான், வண்டியை எடுத்தான். ஸல்த் போகிற வழியெல்லாம் எதிரில் வந்த லாரிகளுக்குக்கூடக் கையை ஆட்டிக்கொண்டு போனான். வழியிலேயே சித்தப்பாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். முதலில் தண்ணீர் கேட்டதை மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தான், வாய் நிற்கவில்லை. சித்தப்பா சிரிக்க ஆரம்பித்து, பேச முடியாமல், தொலைபேசியை யாரிடமோ கொடுத்துவிட்டார். அந்த ஆளும் சிரித்தார்.

மதிய ஜும்ஆ தொழுகை முடிந்து சித்தப்பாவும் மூன்று பெரியவர்களும் இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்புகளோடு தெருவில் காத்திருந்தார்கள். நாலாவது ஆள் தன் வண்டியில் வழியில் வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. மூட்டு வலி என்று இயாத் மாதக்கணக்கில் காரணம் காட்டிய மனிதர் ஊன்றுகோலைக்கூட எடுத்து வரவில்லை. அவன் கிட்டே வந்து நிறுத்தியதும் அவர் வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தார். பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சோப்புக் கறை, அதன் மேல் ஸல்த் சாலையின் புழுதி, கண்ணாடியில் வைப்பர் இழுத்த அரைவட்டம்.

“பொண்ணு கேக்கப் போற வண்டியாடா இது?” என்றார். “ஒரு நல்ல நாளும் அதுவுமா, கழுவி எடுத்துட்டு வரக் கூடாதா?”

ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு இயாத் சிரிக்கத் தொடங்கினான். சித்தப்பா கதவைத் திறந்து, இருக்கையைக் கையால் ஒருமுறை தட்டிவிட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

“சிரிச்சது போதும், எடு,” என்றார். “இந்தத் தடவை நான் கேக்கறேன். நீ வாயத் திறக்காத.”