அதே எட்டுக் கால்

பில்டருடைய மாமியாரை இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கவிட்டவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. கீழ்த்தளத்தில் லிஃப்ட் பட்டன் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டினேன். அரிசிமணி அளவுதான் இருக்கும். உடனே மூன்றாம் மாடியில் பட்டன் தானாக எரிந்ததாம். கீழ்த்தளத்தில் நின்ற என் முகத்துக்கு நேரே டிஸ்ப்ளே ஏழு என்றது, பிறகு ஒன்பது என்றது. அந்தக் கட்டடத்தில் ஒன்பதாம் மாடியே கிடையாது. லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது.

மெஷின் ரூமில் கையால் சுற்றி இறக்கி, கதவைத் திறந்தோம். அம்மையார் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார்.

"நல்லா ஓடிட்டிருந்ததுல கையை வச்ச மகராசன் யாரு?"

எங்கள் முதலாளி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். எங்கள் லிஃப்ட் கம்பெனியில் போர்டு வடிவமைப்பதும் அதற்கான சாமான் வாங்குவதும் அவர் பொறுப்பு. சைட்டில் மாட்டி ஓடவிடுவது என் பொறுப்பு. வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். என்னைவிடச் சின்னவர், ஆனால் தங்கை கணவர் ஆயிற்றே, திட்டுவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டவேண்டும். அதனாலேயே இதுவரை திட்டியதில்லை.

"நான்தாம்மா," என்றேன். "நல்லா ஓடுற எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"இனிமே நீ சைட்டுக்கு வரவேண்டாம்ப்பா. பெஞ்சுல உக்காந்து போர்டு டெஸ்ட் பண்ணு. அடுத்த டவரை மாப்பிள்ளை பாத்துக்கட்டும்."

அதற்கும் ஏதோ ஜோக் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எனக்கு உலகத்திலேயே பிடித்த விஷயம், புது லிஃப்டில் முதல் ஆளாக ஏறி முதல் பட்டனை அமுக்குவது. பெயின்ட் வாசனையோடு, கண்ணாடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அது மெல்ல மேலே கிளம்பும் அந்த நொடிக்காகத்தான் இத்தனை வருஷமும் கிரீஸில் புரண்டேன். ஒரு ரெசிஸ்டர் அதைப் பிடுங்கிக்கொண்டது.

ஆனால் அந்த ரெசிஸ்டர் அங்கே இருக்கவேண்டியதுதான். மாடிக்கு ஒரு குட்டி போர்டு. எல்லாவற்றையும் மெஷின் ரூமில் இருக்கும் தாய் போர்டோடு ஒரே ஜோடி வயர் இணைக்கிறது. வயர் நீளமாகப் போனால், பேசிய பேச்சு கோடியில் முட்டித் திரும்பி வந்து குழப்பும். அப்படித் திரும்பாமல் முழுங்கிக்கொள்ளத்தான் ரெசிஸ்டர். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்ததும், அந்தக் கட்டடத்தின் ஸ்பேர் போர்டுகளைத்தான் முதலில் கையில் எடுத்தேன். கெட்டுப்போன பல்லை நாக்கு சும்மா விடாதே, அப்படித்தான். தாய் போர்டை ஒரு பக்கமும் மாடி போர்டை மறுபக்கமும் வைத்து, வயர் இழுத்து, கோடியில் ரெசிஸ்டரை மாட்டினேன். டிஸ்ப்ளே ஆடத் தொடங்கியது. கழற்றினேன், அடங்கியது. லென்ஸை எடுத்து, இரண்டு போர்டிலும் வயரோடு பேசும் சிப்பைப் பார்த்தேன்.

இரண்டிலும் எட்டுக் கால். அதே அளவு, அதே இடம். பேர் மட்டும் வேறு.

தாய் போர்டில் இருந்தது நாங்கள் எப்போதும் போடும் சிப். வயரில் யாரும் பேசாதபோது, யாரும் பேசவில்லை என்று அதற்குப் புரியும். மாடி போர்டில் இருந்தது பழைய ரகம். ரெசிஸ்டர் போட்ட வயர் சும்மா இருந்தால் இரண்டு கம்பியும் ஒரே மின்னழுத்தத்தில் வந்து நிற்கும். அதற்கு அர்த்தம் தெரியாமல் பழைய சிப் முழிக்கும். பக்கத்தில் மோட்டார் இரைந்தால் அதையே யாரோ கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டர் இல்லாதவரை எப்படியோ சமாளித்துவிடும். நான் முறைப்படி செய்தேன், அது உளறிவிட்டது.

மாடி போர்டில் பழைய சிப்பைக் கழற்றி, வழக்கமான சிப்பை வைத்துப் பற்றவைத்தேன். ரெசிஸ்டரோடு, பக்கத்தில் டிரில் மெஷினை ஓடவிட்டும் பார்த்தேன். டிஸ்ப்ளே அசையவே இல்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மாப்பிள்ளைக்குப் போன் போடப் போனேன். பாதியில்தான் கை நின்றது. இவை மாப்பிள்ளை வாங்கிய சிப்கள்.

கடைக்காரரைக் கேட்டேன். "ஈக்விவலன்ட் சார், அதுக்குப் பதிலாப் போடுறது. நீங்க கேட்டது வர லேட்டாகும்னேன், கால் பொருந்துதில்ல, குடுங்கன்னாரு உங்க மாப்பிள்ளை."

பிறகு மாப்பிள்ளைக்கே போன் போட்டேன். "மச்சான், ஒரு மீட்டிங்ல இருக்கேன்." அடுத்த தடவை, "அதெல்லாம் ஒரே ஃபேமிலி மச்சான், வித்தியாசம் வராது." முதலாளியிடம் போர்டைக் காட்டினேன். "ரெசிஸ்டரைக் கழட்டினதும் ஓடுதில்ல, விடுப்பா. குடும்பத்துக்குள்ள எதுக்கு?"

குடும்பத்துக்குள்ளேதான் கேட்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் இரண்டு போர்டையும் வைத்தேன்.

"அண்ணே, தட்டு வைக்கிற இடத்துல என்னதிது?" என்றாள் தங்கை.

"மாப்பிள்ளைக்குச் சீர்."

அவள் சிரித்தாள். மாப்பிள்ளை போர்டைத் தொடவில்லை.

"மச்சான், பேப்பர்ல பாத்தா ரெண்டும்..."

"நான் சிப்பைப் பத்திக் கேக்கலைங்க. அன்னிக்குக் காலையில, 'ரெசிஸ்டரெல்லாம் எதுக்கு மச்சான், ஓடுறதை ஓட விடுங்க'ன்னு சொன்னீங்களே. அந்தம்மா 'யாரு'ன்னு கேட்டப்போ, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு ஜோக் வரும். எதிராளி தப்பித்துப்போக நானே கதவைத் திறந்துவிடுவேன். அன்றும் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. முழுங்கிவிட்டேன்.

மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரைச் சுற்றினார். என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"அண்ணன் கேக்குறாருல்ல," என்றாள் அவள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "சொல்லுங்க."

"தெரியும் மச்சான்," என்றார். "ரெசிஸ்டர் போட்டா உளறும்னு டெஸ்ட் பண்ணும்போதே தெரியும். நான்தான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நீங்கன்னா சிரிச்சுக்கிட்டே தாங்கிக்குவீங்க, யாரும் உங்களைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நானும் எடுத்துக்கலை."