பெற்றோர் தொழில் என்ற கட்டம்

போன வருஷம் எங்கள் கல்லூரியில் நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் ஏழைகள். இந்த வருஷம் நாற்பத்தொன்று. ஒரே வருஷத்தில் ஊரே பணக்காரராகிவிட்டதென்றால் எனக்கும் கொஞ்சம் வந்திருக்க வேண்டாமா? என் காலில் இருப்பது அதே பழைய செருப்புதான்.

சிறுபான்மைப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் படிக்கிற கல்லூரிகளுக்கு அரசாங்கம் தனி நிதி தருகிறது. பாதிப் பேராவது வருமான வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் எழுதுகிற பெற்றோர் தொழிலை வைத்துத்தான் அந்தக் கணக்கு. எங்கள் செவிலியர் படிப்பே அந்த நிதியில்தான் நடக்கிறது. நின்றுபோனால் படிப்புக்குப் பூட்டு. விவரம் அனுப்ப மறுநாள் மாலைதான் கடைசி.

"பேசாம நாமளே எண்ணிக்கையை மாத்திடலாமா?" என்றார் முதல்வர், கூரையைப் பார்த்தபடி.

"அடியில கையெழுத்துப் போடுற எழுத்தர் நான். மாட்டினா உள்ள போறதும் நான்தான் சார்."

எனக்கு மண்டை குடைந்தது. பெஞ்சு வாரியாக வாங்கிய விண்ணப்பங்களைப் பிரித்து உட்கார்ந்தேன். ஒரு பெஞ்சில் ஐந்து அப்பாக்களும் மேற்பார்வையாளர்கள். அடுத்த பெஞ்சில் அத்தனை பேரும் மொத்த வியாபாரம். பிறகுதான் உறைத்தது. எப்போதும் ஒவ்வொருவராக என் ஜன்னலுக்கு வந்து நிரப்புவார்கள். இந்த முறை மூன்று நாள் வேலையை மிச்சம் பிடிக்க, எல்லோரையும் தேர்வுக் கூடத்தில் நெருக்கி உட்காரவைத்தது நான்தான். பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்க்கும்போது யார் உண்மையை எழுதுவார்கள்? என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

மறுநாள் காலை சாமான் அறையில் ஒரு மேசை போட்டுக் கதவைச் சாத்தினேன். சந்தேகம் தட்டிய விண்ணப்பக்காரர்களை மட்டும் ஒருவர் பின் ஒருவராக வரச் சொன்னேன். முதலில் வந்தவள் எங்கள் அலுவலகத்தைப் பெருக்கும் அக்காவின் மகள், செவிலியர் மாணவி. தாயின் தொழில் என்ற இடத்தில் மறுபடியும் 'அலுவலக நிர்வாகம்' என்றே எழுதினாள். நாற்காலியை நகர்த்தச் சொல்லி அக்கா என்னை விரட்டுகிற விரட்டுக்கு அது முழுப்பொய்யும் இல்லை.

"இங்கதான் யாரும் பார்க்கலையேம்மா?"

"நீங்க பார்ப்பீங்களே மேடம்."

"உங்க அம்மாவைத் தினமும் பார்க்கறேனே. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கறது வேற. நான் என் கையால எழுதி உங்ககிட்ட நீட்டறது வேற."

நானும் இதே கல்லூரியில் படித்தவள். அன்றைக்கு நான் என்ன எழுதினேன்? சுத்தமாக நினைவில்லை. பழைய கட்டுகள் அதே அறையில்தான் இருந்தன. தும்மித் தும்மித் தேடி எடுத்து அவளிடம் நீட்டினேன். தந்தையின் தொழில்: சரக்குப் போக்குவரத்து.

"பெரிய லாரி கம்பெனியா மேடம்?"

"லாரியும் அவர்தான், கம்பெனியும் அவர்தான். முதுகுல மூட்டை தூக்கினார்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, பழையதை அடித்துவிட்டு, 'இந்தக் கல்லூரியைப் பெருக்குகிறார்' என்று எழுதினாள். வெளியே போனதும் அவள் குரல் கேட்டது: "பயப்படாம போங்கடி. மேடமே பொய் எழுதினவங்கதான்!"

வந்தவர்கள் எல்லோரும் முதலில் என் தாளைத்தான் பார்க்கக் கேட்டார்கள். நாலு மணிக்கு ஏழைகள் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு ஆகியிருந்தார்கள். விவரத்தை அனுப்பிவிட்டு என் தாளைக் கட்டில் திரும்ப வைக்கப் போனேன். மனம் வரவில்லை. பேனாவை எடுத்து, சரக்குப் போக்குவரத்தை அடித்துவிட்டு, மூட்டை தூக்குபவர் என்று எழுதினேன். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.