வெயில் இறக்கிய குழாய்

மாசியில் பெய்யக் கூடாத மழை பெய்து, ஏரல் பக்கத்தில் பேச்சிச்செல்வி வீட்டு நெல் அறுத்த கையோடு நனைந்துபோனது. அவள் அதை எங்கே உலர்த்துவது என்று தவித்துக்கொண்டிருக்க, அவள் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி வானத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, மேகத்துக்கு மேல வெயிலு சும்மாதான காயுது? ஒரு குழாயப் போட்டு இறக்கிருவோம்."

சொன்னதோடு விட்டிருக்கலாம். தூத்துக்குடிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் புது யோசனைகளுக்குக் கண்காட்சி என்று கேள்விப்பட்டதும், ஈர நெல் ஒரு மூட்டை, கறுப்பு ஹோஸ் ஒரு சுருள், பேச்சிச்செல்வி எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நடுவர் பேராசிரியர் தேசிக் பொறுமையாகக் கேட்டார். "அவ்வளவு உசரத்துக்குக் குழாய் எதைப் பிடிச்சுண்டு நிக்கும்?"

"ஹார்பர்ல கிரேன் நிக்குதுல்லா சார். மிச்சத்துக்கு பலூன் கட்டிக்கிடலாம்."

"பூமி சுத்தறதே. பம்பரக் கயிறாட்டம் சுத்திக்குமே."

"அதுக்குத்தான் கொஞ்சம் கூடுதலா வாங்கணும்."

"சரி. சூடு மேலேன்னா போகும். கீழே எப்படி இறக்குவேள்?"

செல்லப்பாண்டி ஹோஸ் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேச்சிச்செல்விக்கோ ஊருக்குப் போகும் பஸ் நினைப்பு. "குழாயத் தலைகீழா மாட்டுங்க, போவோம்," என்றாள்.

தேசிக் சிரிக்கவில்லை. கண்ணை மூடி யோசித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "மாட்டிப் பார்த்துடுவோம், வாங்கோ," என்று எழுந்தார்.

குழாயில் தலை எது, கால் எது என்று ஆண்கள் இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். ஒருவழியாக மேல்முனையில் வெயிலைப் பிடிக்க ஓட்டைச் சட்டியும், அதைக் கீழே தள்ள கேண்டீன் ஃபேனுமாக மொட்டைமாடியில் ஏற்றினார்கள். கீழ்முனை முற்றத்தில் தொங்கியது. அதன் அடியில் பேச்சிச்செல்வி நெல்லைப் பரப்பினாள். அதற்குள் மேகம் கலைந்து வெயில் கொளுத்த ஆரம்பித்திருந்தது. காக்கை விரட்டிக்கொண்டே அவள் காலால் நெல்லைக் கிண்டிவிட்டாள்.

சாயங்காலம் தேசிக் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். கடக்கென்றது.

"சக்சஸ்," என்று செல்லப்பாண்டியைக் கட்டிக்கொண்டார். "அடுத்து கிரேனுக்குப் பர்மிஷன் கேட்டுடலாம்."

பேச்சிச்செல்வி அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள். பிறகு மாடியிலிருந்து தொங்கிய ஃபேன் வயரைப் பார்த்தாள். பிளக் எதிலும் சொருகப்படாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னளா பாக்குத?" என்றார் செல்லப்பாண்டி. முகமெல்லாம் பூரிப்பு.

"ஒண்ணுமில்ல. நல்லாக் காஞ்சிருக்கு," என்றாள். சாக்கை விரித்து நெல்லை அள்ளத் தொடங்கினாள்.